மனித உரிமை வெளியுறவுக் கொள்கையை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிற நாட்டு மக்களின் உரிமைகளைக் காப்பதும் தங்கள் வெளியுறவுக் கொள்கையின் அங்கமே என்று பல அரசுகள் அறிவிக்கின்றன. அந்த வாக்குறுதியை எடைபோடுவோர் முதலில் செய்யும் தவறு, கண்டன அறிக்கைகளை எண்ணிப் பார்த்து முடிவுக்கு வருவதாகும். பகை நாட்டைக் கண்டிப்பதால் எந்த அரசுக்கும் நட்டமில்லை. சில வேளைகளில் ஆதாயமும் உண்டு. நட்பு நாட்டின் மீதான தீர்மானம் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு வரும்போது அந்த அரசு எப்படி வாக்களித்தது என்பதே கவனத்திற்குரியது.

ஆயுத விற்பனையை வெறும் வணிக விவகாரமாக ஒதுக்கிவிடுவது இதைவிடப் பெரிய தவறு. 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக ஒப்பந்தத்தின் 7ஆவது உறுப்பு, அனுப்பவிருக்கும் ஆயுதம் மனித உரிமைச் சட்டத்தைக் கடுமையாக மீறுவதற்குப் பயன்படக்கூடுமா என்று ஏற்றுமதி செய்யும் நாடு முன்கூட்டியே ஆராய வேண்டும் என்றும், அந்த அபாயம் மேலோங்கியிருந்தால் அனுமதி மறுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆகவே அமைச்சரின் உரையைப் படிப்பவர் அதே ஆண்டின் ஏற்றுமதி உரிமப் பட்டியலையும் படிப்பது நல்லது. அது வெளியிடப்படவே இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

கையொப்பமிட்டதாலேயே ஒரு நாடு உடன்படிக்கைக்கு முழுமையாகக் கட்டுப்பட்டுவிட்டது என்று கொள்ளக் கூடாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1977இல் கையொப்பமிட்ட அமெரிக்கா, 1992இல்தான் அதை முறைப்படி ஏற்றது. 1998இல் கையொப்பமிட்ட சீனா இன்னும் ஏற்கவில்லை.

வெளியிலிருந்து வரும் விமர்சனம் அனைத்தும் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடுவதே என்ற வாதமும் நிற்காது. மனித உரிமைப் பாதுகாப்பு பன்னாட்டுச் சமூகத்தின் நியாயமான அக்கறை என்று 1993ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய மனித உரிமைகளுக்கான உலக மாநாடு அறிவித்தது. அதற்காகக் கடுமையான தடைகள் எல்லாம் உரிமைகளைக் காத்துவிடும் என்று நம்புவதும் பிழை. 1990இல் இராக் மீது விதிக்கப்பட்ட முழுப் பொருளாதாரத் தடையால் ஆட்சியாளர்களைவிடப் பொதுமக்களே அதிகம் நலிந்தனர். நாடு முழுவதையும் தண்டிக்காமல், மீறல்களுக்குப் பொறுப்பானவர்களின் சொத்துகளை முடக்குவதும் பயணத்தைத் தடுப்பதும் பின்னாளில் பரவலானதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

கடைசியாக, குடிவரவுத் துறையின் முடிவுகளைக் கணக்கில் சேர்க்க மறப்பது. சித்திரவதைக்கு ஆளாகும் அபாயமுள்ள நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3ஆவது உறுப்பு. ஓர் அரசு எந்த நாட்டின் சிறைகளைக் கண்டிக்கிறதோ, அந்த நாட்டிலிருந்து தப்பி வந்தோரின் புகலிட மனுக்களை அதே அரசு எவ்வாறு தீர்க்கிறது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.