தோடர் படத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது செய்யும் தவறுகள்

புஷ்பமாலா என். எடுத்த புகைப்படங்களை ஊட்டியில் யாருக்குக் காட்டினாலும் முதலில் சிரிப்புதான் வரும். வரட்டும், அவரும் அதை எதிர்பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். பெங்களூர்க் கலைஞரான இவர், கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞருடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்கள் பற்றி ஒரு படவரிசை செய்தார். ரவிவர்மா ஓவியத்துப் பெண், காலண்டர் லட்சுமி, பழைய தமிழ் சினிமாவில் சாட்டை சுழற்றும் நாயகி என்று எல்லா வேடமும் அவரே. அந்த வரிசையில் நீலகிரிப் பழங்குடியான தோடர் இனத்துப் பெண் ஒருத்தியும் உண்டு. நம்மவர்கள் வழுக்குவது அங்கேதான்.

“அந்தக் காலத்துத் தோடர் அம்மா போல” என்று நம்பிவிடுவது ஒரு தவறு. இதில் இருப்பவர் புஷ்பமாலாதான், படமும் வேண்டுமென்றே பழசு மாதிரி செய்தது.

அதைவிடப் பெரிய தவறு, சிரிப்பை அந்தப் பெண்ணின் மேல் இறக்குவது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் உடம்பை அளந்து இனம் பிரிப்பதற்காக ஆட்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் நீலகிரிக்கே வந்து தோடர்களை அளந்தவர். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து, வரும் எண்ணை வைத்து மனிதனை வகைப்படுத்துவதற்கு அன்று விஞ்ஞானம் என்று பெயர். அந்தப் படங்களின் பாணியிலேயே தோடர் பெண்ணாக நின்று புஷ்பமாலா கிண்டல் செய்வது அந்த அளவுகோலை. சினிமா நாயகியையும் தோடர் பெண்ணையும் ஒரே வரிசையில் வைத்ததிலேயே விஷயம் இருக்கிறது: இரண்டுமே யாரோ நமக்காகத் தயாரித்துக் கொடுத்த ‘மாதிரிப் பெண்’. இதை விட்டுவிட்டு மேக்கப்பை மட்டும் பார்த்துச் சிரித்தால், நாமும் அளவுகோலைப் பிடித்திருப்பவர் பக்கம் போய் நின்றுவிடுகிறோம்.

சரி, வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கறுப்பு நிறத்தை வைத்து நம் சினிமா எத்தனை காமெடி செய்திருக்கிறது! காட்டுவாசி என்றாலே இலைப் பாவாடையும் ஈட்டியும்தான்.

அப்புறம், “அவர் போட்டார், நாமும் வேடம் போடலாம்” என்று கிளம்புவது. தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்ற போர்வையை அருகில் பார்த்தால் தெரியும், வெள்ளைத் துணியில் இழை இழையாக எண்ணி, சிவப்பு, கறுப்பு நூலால் போட்ட வேலை. எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை ஒரு செல்ஃபிக்காகத் தோளில் போட்டுக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. விலை கொடுத்து வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள், அது வேறு.

சில வருடங்களுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். ‘ஆதிவாசி நடனம்’ என்று அறிவித்ததும், முகத்தில் கரி பூசி, இடுப்பில் பச்சைக் காகிதம் சுற்றிய பிள்ளைகள் “ஊலலா” என்று குதித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் சீருடையில் ஒரு சிறுமி. மேலே இருக்கும் மந்திலிருந்து, அதாவது தோடர் குடியிருப்பிலிருந்து, வருபவள். மேடையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உண்மையிலேயே தெரியாமல் என்னிடம் கேட்டாள்:

“அண்ணா, இவங்கல்லாம் எந்த ஊரு ஆளுங்க?”