லூபஸ், முடக்குவாதம் இருப்பவருக்கு ஒரே இடத்தில் எலும்பு வலித்தால் என்ன செய்வது?

லூபஸோ முடக்குவாதமோ (இரண்டுமே உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்கள்) இருப்பவருக்கு வலி புதிதில்லை. அதனாலேயே எலும்புக்குள் கிருமி புகுந்தால்கூட "எப்போதும் வருகிற வலிதானே" என்று நாமும் விட்டுவிடுகிறோம், சில சமயம் டாக்டரும் விட்டுவிடுகிறார்.

முதலில், வலி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய நோய் கிளம்பினால் பெரும்பாலும் பல மூட்டுகள் சேர்ந்து வலிக்கும், காலையில் விறைப்பு இருக்கும். ஒரே இடம், விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்டலாம், படுத்தாலும் விடவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். முதுகு வலியோடு கால் பலவீனமோ மரத்துப்போவதோ சிறுநீர் போவதில் சிக்கலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காய்ச்சல் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம், இந்த நோய்களுக்கு எடுக்கும் ஸ்டீராய்டு அதை அமுக்கிவிடும். முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போடுபவர்களுக்கு சி.ஆர்.பி.யும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) ஏறாமல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். ஸ்டீராய்டால் இடுப்பு எலும்புக்கு ரத்தம் போகாமல் வரும் வலியையும் அது காட்டிக்கொடுக்கும்.

இனி முக்கியமான கட்டம், பயாப்ஸி, அதாவது எலும்பிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது. பொதுவாக எலும்பைப் பிடிப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான், ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களிடம் காசநோய்க் கிருமி, பூஞ்சை, லூபஸில் சால்மோனெல்லா பாக்டீரியாகூட எலும்பில் போய் உட்காரும். ஊகித்து ஒரு ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டால் அப்புறம் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராமல் போகலாம். நிலைமை மோசமாக இருந்தால் மருந்துதான் முதலில், அதில் மறுபேச்சே இல்லை. மற்றபடி சாம்பிள் எடுத்த பிறகு தொடங்கலாமா என்று கேளுங்கள். எடுத்த துண்டு முழுவதும் ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) பாட்டிலுக்குள் போய்விடக் கூடாது, ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். கல்ச்சருக்கென்று ஒரு பகுதி ஃபார்மலின் இல்லாத ஸ்டெரைல் பாட்டிலில் போகவேண்டும், சாதாரண பாக்டீரியா, காசநோய், பூஞ்சை மூன்றுக்கும் எழுதியிருக்கவேண்டும். சின்ன விஷயம்தான், கோட்டை விட்டால் மறுபடியும் எலும்பில் ஊசி! காசநோய்க் கல்ச்சர் முடிய 6 முதல் 8 வாரம் ஆகலாம், அதனால் முதல் வார ரிப்போர்ட்டில் "வளர்ச்சி இல்லை" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவைக்காதீர்கள்.

சிகிச்சை நீளமானது. சாதாரண பாக்டீரியாவுக்கே 6 வாரம் போல ஆகும், எலும்புக் காசநோய்க்கு 6 மாதத்துக்கும் மேலே போகலாம். டோசிலிசுமாப் போன்ற பயலாஜிக் ஊசியை நிறுத்திவைப்பதா என்று மூட்டு டாக்டரும் தொற்றுநோய் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். பயந்துபோய் ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினால் ஸ்டீராய்டு எடுப்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்: ரிஃபாம்பிசின் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் வேலையைக் குறைக்கும், ஸ்டீராய்டு அளவை மாற்ற வேண்டி வரலாம்.