பாதை இல்லாத குன்றுக்கு வழி பிடிக்க

நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்துக்காரன். எங்கள் தீவில் மேடு என்றால் கெந்தமாதன பர்வதம்தான், அதற்கும் கோயில் வரை ரோடு இருக்கிறது. ஆனால் கடலில் ரோடு கிடையாது. அப்பாவோடு வள்ளத்தில் போய்க் கற்றதை வைத்துத்தான் மதுரைப் பக்கத்துப் பாறைக்குன்றுகளில் தடமே இல்லாத இடங்களில் ஏறி இறங்குகிறேன்.

முதலில் அனுமதி. காப்புக்காடு என்றால் வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள். புல் காய்ந்து நிற்கும் மாசி, பங்குனியில் அனுமதி கிடைத்தாலும் நான் போக மாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது மறக்கவில்லை. சரிவில் பற்றிய தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும்.

அப்புறம் வரைபடம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள், பெரும்பாலும் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இருந்தால் 100 மீட்டர் தூரத்தில் 20 மீட்டர் ஏற்றம், பேசிக்கொண்டே ஏறலாம். அரை மில்லிமீட்டர்தான் என்றால் 25 மீட்டரிலேயே அந்த 20 மீட்டரும் ஏறியாக வேண்டும், கையையும் ஊன்ற வேண்டிவரும். இதில் ஒரு ஆபத்து உண்டு. 15 மீட்டர் பாறைச் சுவர் ஒன்று இரண்டு கோட்டுக்கு நடுவே தாளில் தெரியாமலே கிடக்கலாம். அதனால் முந்தின நாளே எதிர்ப்பக்கம் போய் நின்று, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குன்றைப் பாருங்கள். நிழல் விழும் இடமெல்லாம் சுவர் அல்லது பள்ளம்.

ஏற ஓடைப் பள்ளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கீழிருந்து பார்த்தால் அதுதான் வழி மாதிரி தெரியும். உள்ளே போனால் உருளும் கல்லும் இண்டம்புதரும்தான். இண்டமுள் சட்டையைப் பிடித்தால் முன்னால் இழுக்கக் கூடாது, இன்னும் ஆழமாக ஏறும். ஒரு அடி பின்னால் வந்தால்தான் விடும். குன்றின் முதுகு, அதாவது இரண்டு பள்ளத்துக்கு நடுவே மேடாக நீளும் பகுதியைப் பிடித்து ஏறுங்கள். இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் சிக்கல் இறங்கும்போதுதான். ஏறும்போது எல்லா முதுகும் உச்சியில் போய்ச் சேர்ந்துவிடும். இறங்கும்போது ஒவ்வொன்றும் பிரியும். ஒருமுறை மாலை ஐந்தரை மணிக்குத் தவறான முதுகில் இறங்கி, மூன்று மாடி உயரப் பாறையின் விளிம்பில் போய் நின்றேன். கீழே ஆடு மேய்ப்பவரின் குரல் கேட்கிறது, இறங்க வழி இல்லை. திரும்ப மேலே ஏறி, சரியான பிரிவைக் கண்டுபிடிக்கும்போது இருட்டிவிட்டது.

அன்றைக்குத்தான் அப்பா சொன்னது உறைத்தது. “திரும்பிப் பார்த்துக்கிட்டே போடா. போகும்போது பார்க்கிற கரை வேற, வரும்போது பார்க்கிற கரை வேற.” கரையோரப் பனை ஒன்றையும் தூரத்தில் நிற்கும் 323 மீட்டர் தூர்தர்ஷன் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துத்தான் அவர் வள்ளத்தைக் கொண்டுவருவார். பனை எந்தப் பக்கம் விலகுகிறதோ, அந்தப் பக்கம் வள்ளத்தைத் தள்ள வேண்டும். குன்றிலும் இதேதான். ஏறும்போது ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பாருங்கள். அருகில் ஒரு பாறை, அடிவாரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டும் ஒரே கோட்டில் வருவதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பாறை இடப்பக்கம் விலகினால் நீங்களும் இடப்பக்கம் நகருங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். நான் மதியம் ஒரு மணிக்கு உச்சி எட்டாவிட்டாலும் திரும்பிவிடுவேன். கிளம்பும் முன், எந்த முதுகில் ஏறுகிறேன், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அப்பா கடலுக்குப் போகும் நாளிலும் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.