கல்லூரிக்குத் திரும்புகிறீர்களா? கம்ப்யூட்டர் பாடங்களை இப்படித் தேர்ந்தெடுங்கள்

நீண்ட விடுமுறை முடிந்து வந்தாலும் சரி, ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் சரி, செமஸ்டர் நன்றாகப் போகுமா என்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. எந்தெந்தப் பாடங்களை ஒன்றாக எடுக்கிறோம் என்பதுதான் அதற்குக் காரணம். பலர் பெயர் பிடித்திருக்கிறது, நண்பன் எடுக்கிறான், வேலைக்கு உதவும் என்று யாரோ சொன்னார்கள் என்றெல்லாம் எடுத்துவிட்டு நடுவில் திணறுகிறார்கள். அதைவிட, இந்தப் பாடம் வாரத்துக்கு எவ்வளவு நேரம் கேட்கும், இதற்கு முன்னால் எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

நேரத்தை முதலில் காகிதத்தில் எழுதிக் கணக்குப் போடுங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் என்பது பல கல்லூரிகளில் இருக்கும் பழைய கணக்கு. மூன்று மணி நேரப் பாடம் ஐந்து எடுத்தால் வகுப்புக்கு 15, படிப்புக்கு 30, ஆக வாரத்துக்கு 45 மணி நேரம். புரோகிராமிங் பாடங்கள் இந்தக் கணக்குக்கும் அடங்காது, ஏனென்றால் ஒரு பிழை பத்து நிமிடத்தில் பிடிபடலாம், ஒரு இரவு முழுக்கவும் பிடிபடாமல் போகலாம், எது நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. பகுதி நேர வேலையும் இருக்கிறதென்றால் ஒரு பாடத்தைக் குறைத்துவிடுவதில் எந்தத் தவறும் இல்லை.

அப்புறம் எது எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். அடிப்படை புரோகிராமிங், அதன்மேல் தகவலை அடுக்கி வைக்கும் வழிகளான டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதன்மேல் கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் முறைகளான அல்காரிதம்ஸ். பக்கத்தில் டிஸ்க்ரீட் மேத்ஸ் (தர்க்கம், கணங்கள், எண்ணுதல் போன்ற கணிதம்) ஓட வேண்டும், அது இல்லாமல் அல்காரிதம் வகுப்பில் நிரூபணங்கள் வரும்போது ஒன்றும் புரியாது. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் எடுக்க வேண்டுமென்றால் பாயின்டரும் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) மெமரியும் கைக்குப் பழகியிருக்க வேண்டும், பெரும்பாலும் சி மொழியில்தான் அசைன்மென்ட் வரும். மெஷின் லேர்னிங்தான் இப்போது எல்லோரும் ஓடிப்போய் எடுக்கும் பாடம். லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் கொஞ்சம் வகைநுண்கணிதமும் இல்லாமல் போனால் அங்கே ஒரு லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி வைத்த குறியீட்டுத் தொகுப்பை, கூப்பிடக் கற்றுக்கொள்வீர்கள், விடை ஏன் தப்பாக வருகிறது என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தக் கணிதத்தை இந்த செமஸ்டர் முடித்துவிட்டு மெஷின் லேர்னிங்கை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளுங்கள் என்று என்னிடம் கேட்கும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

முக்கியமான விஷயம்: ப்ராஜெக்ட் கனமான பாடங்கள் இரண்டை ஒரே செமஸ்டரில் வைக்காதீர்கள். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், கம்பைலர் (குறியீட்டைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்), டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கணினிகள் சேர்ந்து இயங்கும் அமைப்புகள்) எல்லாம் இந்த வகை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் முடிக்கக்கூடியதுதான், ஆனால் கெடு தேதிகள் ஒரே வாரத்தில் வந்து விழும்போது இரண்டுமே அரைகுறையாகிவிடும். அப்படிப்பட்ட ஒன்றோடு தியரி பாடம் ஒன்றையும், கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத, கட்டுரை எழுதும் பாடம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூளைக்கும் மாற்றம் கிடைக்கும்.

புரோகிராமிங் மொழியை வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது, அதில் 5/2 என்று கொடுத்தால் 2 வரும், பைத்தான் 3-இல் 2.5 வரும், பழைய குறிப்புகளை வைத்துத் திரும்பி வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் டேட்டாபேஸ் வகுப்பில் படிக்கும் ரிலேஷனல் மாடலை (தகவலை அட்டவணைகளாக வைக்கும் முறை) எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970-இல் எழுதினார், டைக்ஸ்ட்ரா என்ற இன்னொரு கணினி அறிஞரின் குறுகிய பாதை அல்காரிதம் 1959-இல் வந்தது, இன்றும் ரவுட்டர்களுக்குள் வழி தேடும் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை அதைத்தான் பயன்படுத்துகிறது. மொழி மாறும்போதும் கையில் நிற்கும் பாடத்துக்கு இடம் கொடுங்கள்.

வகுப்பு தொடங்கும் முன்பே கையைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். பழைய நோட்டைப் புரட்டிப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றும், வெறும் எடிட்டரைத் திறந்து எதையும் பார்க்காமல் ஒரு லிங்க்டு லிஸ்ட் (ஒன்று அடுத்ததைச் சுட்டும் பட்டியல்), ஒரு பைனரி சர்ச் (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது) எழுதிப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். பைனரி சர்ச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நடுப்புள்ளி கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டும்போது கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் 32 பிட் முழு எண் நெகட்டிவாக மாறிவிடும். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை பல வருடங்கள் இருந்து 2006-இல்தான் பொதுவெளிக்கு வந்தது. உங்கள் குறியீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள், எப்படித் திருத்துவது என்று யோசியுங்கள். ஒரு மாலையில் இப்படி இரண்டு மூன்று செய்தாலே பழைய பழக்கம் திரும்பிவிடும். குறியீட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியையும் மறந்திருந்தால் அதையும் தூசு தட்டுங்கள், தினமும் அதில் கமிட் செய்பவர்களுக்குக் (சேமிப்பவர்களுக்குக்) கடைசி நாளில் ஃபைல் போய்விட்டதே என்ற பதற்றம் கிடையாது.

செமஸ்டர் ஓடத் தொடங்கியதும் ஒரே ஒரு பழக்கத்தை விடாதீர்கள்: அசைன்மென்ட் கையில் வந்த அன்றே கேள்வியை முழுவதும் படியுங்கள். அன்றே தொடங்க வேண்டியதில்லை, படித்தால் போதும். குளிக்கும்போதும் நடக்கும்போதும் மனம் அதைப் பிசைந்துகொண்டே இருக்கும், சந்தேகம் இருந்தால் கூட்டம் இல்லாத நாளிலேயே ஆசிரியரிடம் போய்க் கேட்டுவிடலாம். கேட்கப் போகும்போது என்ன முயன்றீர்கள், எந்த இடத்தில் எதிர்பார்த்தது வரவில்லை என்று சொல்லுங்கள், பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும். ஏஐ கருவிகளைப் பயன்படுத்த அந்தப் பாடத்தில் அனுமதி இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் நீங்கள் ஒரு முறையாவது சொந்தமாக முயன்ற பிறகே அதைத் தொடுங்கள், தேர்வு அறையில் அது பக்கத்தில் இருக்காது.

இன்னும் எதை விடுவது என்று முடிவாகவில்லையா? பாடத்தை மாற்றிக்கொள்ளும் கடைசி தேதியை இன்றே குறித்துக்கொண்டு, வேண்டியதைவிட ஒரு பாடம் கூடுதலாகப் பதிவு செய்துவிட்டு எல்லா வகுப்பிலும் உட்காருங்கள். முந்தைய செமஸ்டரின் அசைன்மென்ட்களைப் போன முறை எடுத்தவர்களிடம் வாங்கிப் பாருங்கள், எந்தெந்த வாரத்தில் கெடு வருகிறது என்று காலண்டரில் போடுங்கள். மூன்று கெடு ஒரே வாரத்தில் மோதுகிற பாடம் எது என்று அதிலேயே தெரிந்துவிடும், தேதி முடிவதற்கு இரண்டு நாள் முன்பே அதை நீக்கிவிடுங்கள், கடைசி நாளில் பதிவுப் பக்கம் நெரிசலில் திறக்காமல் போகலாம்.