ஆட்குறைப்பு நேரத்தில் கல்லூரி ஆசிரியர்கள் செய்யக்கூடாத காரியங்கள்

ஏப்ரல் பிறந்தால் குமரி மாவட்டத்துச் சுயநிதிக் கல்லூரிகளின் ஸ்டாஃப் ரூம்களில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் யாருக்குச் சீட்டு கிழியும்? காரணம் ரகசியம் இல்லை. 2018-19-இல் பொறியியல் கல்லூரிகளுக்கான ஆசிரியர்-மாணவர் விகிதத்தை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 1:15-லிருந்து 1:20 ஆக்கியது. அறுபது பிள்ளைகளுக்கு நாலு பேர் என்றிருந்தது மூன்று பேர் போதும் என்றானது. அப்புறம் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓட, மெக்கானிக்கலிலும் சிவிலிலும் பெஞ்சு காலி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு எடுத்துக்கொண்டபோது, மிகையாக இருந்த ஊழியர்களை அரசுக் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்ப முடிந்தது. தனியார் கல்லூரிக்கு அப்படி அனுப்பிவைக்க இடம் ஏது?

செலவைக் குறையுங்கள், பயோடேட்டாவைத் தூசி தட்டுங்கள் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளையே இளையவர்கள் வரிசை தப்பாமல் செய்கிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

கேட்டதும் ராஜினாமா எழுதிக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர், மெக்கானிக்கல் துறை, ஒன்பது வருஷ சர்வீஸ். வேல்யூவேஷன் முடிந்த மறுநாள் ஆபீசில் கூப்பிட்டார்கள். “சார், ஒரு லெட்டர் மட்டும் குடுத்துருங்க. அட்மிஷன் எப்படின்னு பாத்துட்டு ஜூலையில நாங்களே கூப்பிடுறோம்.” லெட்டர் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று முதல் வரி. ‘எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை’ என்று கடைசி வரி. நாலு மாதச் சம்பளம் பாக்கி நிற்கிறது, மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். வந்த பிறகுதான் எனக்குப் போன். ஜூலையில் யாரும் கூப்பிடவில்லை.

அந்தத் தாளில் அவர்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை? தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் என்று 1976-இலிருந்து ஒன்று இருக்கிறது. ஆசிரியரை நீக்குவதற்கும் வேறு வகையில் வேலையை முடிப்பதற்கும் உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. நீங்களே விலகினால் அனுமதியும் வேண்டாம், நோட்டீசும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். (சிறுபான்மைக் கல்லூரி என்றால் இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் அத்தகைய கல்லூரிகள் நிறைய.)

லேபர் கோர்ட்டுக்குப் போய்விடலாம் என்று சிலர் தெம்பாக இருக்கிறார்கள். ஆசிரியர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே சொல்லிவிட்டது. ஆக, நம் கையில் இருப்பது காகிதம் மட்டும்தான். அதையும் நாமே கெடுத்துக்கொண்டால் எப்படி?

சரி, கூப்பிட்டால் என்ன செய்வது? அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். “வீட்டில் கலந்து சொல்கிறேன் சார்” என்று எழுந்து வாருங்கள். அதற்காக யாரும் கதவைப் பூட்டிவிடப் போவதில்லை. அன்று இரவே முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல்: ‘இன்று என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.’ இரண்டு வரி போதும். விலகித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் விலகுகிறேன் என்பதும், எந்தெந்த மாதச் சம்பளம் எவ்வளவு பாக்கி என்பதும் அதில் இருக்கட்டும். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். பாக்கி இல்லை என்ற கையெழுத்து, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு.

இன்னொன்று. ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) போச்சு என்று ஆபீசில் சொல்வார்கள். பொய். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, விலகினாலும் நீக்கினாலும் அது உண்டு. ஆசிரியர்களுக்கும் உண்டு என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. அந்தத் தம்பிக்கு அதையாவது கேட்டு வாங்க முடிந்தது. சம்பளப் பாக்கிக்கு இன்னும் அலைகிறார்.

வாய்வார்த்தையில் சம்பளக் குறைப்பு

“ஒரு வருஷம் பொறுத்துக்கோங்க” என்பார்கள். வேலை மிஞ்சியதே என்று நாமும் தலையாட்டுவோம். கிராஜுவிட்டி கணக்கிடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷங்களால் பெருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷ சர்வீஸ், 40,000 ரூபாய் என்றால் சுமார் 2,77,000. அதே ஆள் கடைசி வருஷம் 25,000-க்கு இறங்கி, அப்படியே வெளியேறினால் சுமார் 1,73,000. ஒரு வருஷம் பொறுத்ததற்கு, பழைய பதினொரு வருஷத்துக்கும் சேர்த்து வெட்டு. குறைப்புக்குச் சம்மதிப்பதாக இருந்தால், எத்தனை மாதத்துக்கு, பழைய சம்பளம் எப்போது திரும்பும், பிடித்தது எந்தக் கணக்கில் நிற்கும் என்று எழுதி வாங்குங்கள்.

பி.எஃப். பணத்தை வழித்து எடுப்பது

வீட்டுக்கடன் தவணை கழுத்தை நெரிக்கும், புரிகிறது. ஆனால் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரையிலான சர்வீஸ் கணக்கிலிருந்து போய்விடும். பத்து வருஷம் சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். எட்டு வருஷத்தில் எடுத்துவிட்டு அடுத்த கல்லூரியில் ஒன்றிலிருந்து எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டவே இல்லை என்றால் நாகர்கோவில் வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆசிரியர், அலுவலர் என்ற பேதம் அங்கே கிடையாது.

அசல் சான்றிதழை ஆபீசில் விட்டு வைப்பது

வேண்டாம். வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுவது

முதல் தவணை தவறியதும் வங்கிக்காரரே சொல்லிவிடுவார்.

அனுபவச் சான்றிதழைப் பிறகு வாங்கலாம் என்று விடுவது

வளைகுடாவுக்கோ கேரளத்துக்கோ போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கல்லூரியை மூடிவிட்டால் கையெழுத்துப் போட முதல்வரே இருக்க மாட்டார். சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகித்த பதவிகள் மூன்றும் இருக்கிறதா என்று ஆபீசில் நின்றபடியே படித்துப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் என்பதற்குப் பதில் வெறும் ‘ஆசிரியர்’ என்று அடித்திருந்தால், அங்கேயே திருத்தி வாங்குங்கள்.