அதே மருந்து, வேறு விலை: ஆன்லைனில் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மருத்துவமனை மருந்தகத்தில் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் சொந்தக்காரர்கள் யாருக்கு எந்த மாத்திரை ஆன்லைனில் மலிவாகக் கண்ணில் பட்டாலும் ஸ்க்ரீன்ஷாட் எனக்குத்தான் வரும். கூடவே ஒரு வரி: "இது அதேதானேம்மா?" அதற்கு நான் எப்படிப் பதில் தேடுகிறேன் என்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும்.

தேடும்போது பிராண்டு பெயரை விட்டுவிடுங்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத் தேடுங்கள். அதோடு மூன்று விவரங்கள் வேண்டும்: எத்தனை மில்லிகிராம், எந்த உப்பு (மருந்தோடு வேதியியல் முறையில் சேர்த்திருக்கும் பொருள், மருந்தின் பெயருக்குப் பின்னால் வரும்), மாத்திரை உடலில் சட்டென்று கரைவதா மெதுவாகக் கரைவதா. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் விலையை ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

சித்தப்பா ஒருமுறை அனுப்பிய படத்தில் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் மெட்டோப்ரோலால் மிகக் குறைந்த விலைக்கு இருந்தது. டாக்டர் அவருக்கு எழுதியிருந்ததும் மெட்டோப்ரோலால்தான்.

"பேரு ஒண்ணுதான், எம்.ஜி.யும் ஒண்ணுதான். அப்புறம் என்ன?" என்றார்.

"பேருக்குப் பின்னால என்ன போட்டிருக்குன்னு படிங்க சித்தப்பா."

சீட்டில் இருந்தது சக்சினேட் உப்பு, மெதுவாகக் கரையும் வகை, நாளுக்கு ஒன்று. படத்தில் இருந்தது டார்ட்ரேட். அது சீக்கிரம் கரைந்துவிடும், நாளுக்கு இரண்டு வேளையாவது போட வேண்டும். இதயம் பலவீனமானவர்களின் ஆயுளைக் கூட்டுகிறது என்று பெரிய ஆய்வில் நிரூபணமானது சக்சினேட் வகைக்குத்தான். அவருக்கு அது எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு இந்த மலிவு மாத்திரை ஈடாகாது. பெயரின் வாலில் எக்ஸ்.எல்., எஸ்.ஆர்., இ.ஆர். என்று மெதுவாகக் கரைவதைக் குறிக்கும் எழுத்து ஏதாவது ஒட்டியிருந்தால், வாங்கப்போகும் மருந்திலும் அதே வால் இருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்து அதேதான் என்று உறுதியானதும் கணக்குக்கு வாருங்கள். பெட்டி விலையைப் பார்த்து எந்தப் பயனும் இல்லை. ஒன்றில் 28 மாத்திரை, இன்னொன்றில் 30, வேறொன்றில் 90 இருக்கும். டெலிவரி, ஆன்லைன் டாக்டர் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து, எத்தனை நாளைக்கு வருகிறதோ அதால் வகுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதுதான் உண்மையான விலை. முதல் மாதம் பெரிய தள்ளுபடி கொடுத்து, மாதாமாதம் தானாகவே பணம் எடுக்கும் சந்தா திட்டங்களில் இரண்டாவது மாத விலையைத் தேடிப் படியுங்கள். கண்ணில் படாத இடத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

நிஜமாகவே பெரிய தொகை மிச்சமாவது கடையை மாற்றுவதில் இல்லை, மருந்தை மாற்றுவதில்தான் என்பது என் அனுபவம். அதற்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் என்பது கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்களின் கலவை. அதில் ஒரு வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து வந்ததுதான் ஈசோமெப்ரசோல். அலர்ஜிக்குத் தரும் செட்டிரிசினுக்கும் லெவோசெட்டிரிசினுக்கும் இதே உறவுதான். முந்தையது 10 மில்லிகிராம், பிந்தையது 5, வேலை ஏறக்குறைய ஒன்றுதான். புதியது விலை கூடுதலாக இருந்தால், "பழையதே எனக்குப் போதுமா டாக்டர்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பதும் அப்படித்தான். தனித்தனியாக வாங்கினால் சில சமயம் குறையும், சில சமயம் கூடும். இரண்டையும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பல மருந்துகளில் 10 மில்லிகிராமும் 20 மில்லிகிராமும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இருக்கும். நடுவில் கோடு போட்ட மாத்திரையாக இருந்து, டாக்டரும் சரி என்றால், பெரியதை வாங்கிப் பாதியாக்கலாம். மெதுவாகக் கரையும் மாத்திரையையும், வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி மேலுறை போட்டதையும் உங்கள் யோசனையில் உடைக்காதீர்கள். கோடு போட்டிருந்து பாதியாக்கலாம் என்று மருந்துத்தாளே சொல்லும் ஒன்றிரண்டு உண்டு, அவை விதிவிலக்கு.

சரி, மலிவான ஜெனரிக் (முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் மூல மருந்தையே வேறு கம்பெனி செய்து விற்பது) அதே அளவுக்கு வேலை செய்யுமா? இதில்தான் வாட்ஸ்அப்பில் அதிகம் குழப்புகிறார்கள். ஜெனரிக்குக்கு அனுமதி தர 80 முதல் 125 சதவீதம் என்று ஒரு விதி உண்டு. அதைப் படித்துவிட்டு, ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து குறைவாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த வரம்பு மாத்திரையில் உள்ள மருந்தின் அளவைப் பற்றியதே இல்லை. ரத்தத்தில் சேரும் அளவை மூல மருந்தோடு ஒப்பிடும்போது, சராசரி மட்டுமில்லாமல் அதன் நம்பக இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை) முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அதனால் நடைமுறையில் வித்தியாசம் மிகக் குறைவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1996 முதல் 2007 வரை வந்த 2,070 ஆய்வுகளை அலசியபோது, உடலில் சேர்ந்த மொத்த அளவில் ஜெனரிக்குக்கும் மூல மருந்துக்கும் சராசரியாக 3.56 சதவீதம்தான் வித்தியாசம். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மாத்திரைகளுக்கு ஒழுங்கான கம்பெனியின் ஜெனரிக்கை நான் தயங்காமல் சொல்வேன்.

தயங்குகிற பட்டியல் ஒன்றும் இருக்கிறது. வலிப்புக்கான ஃபெனிடோயின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம், உறுப்பு மாற்றியவர்களுக்கான டாக்ரோலிமஸ், தைராய்டுக்கான லெவோதைராக்சின். இவற்றில் போதுமான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறுகல். 1968-ல் ஆஸ்திரேலியாவில் ஃபெனிடோயின் கேப்சூலில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவே இல்லை. ஆனாலும் ரத்தத்தில் மருந்து ஏறி, வலிப்புக்காகச் சாப்பிட்டவர்கள் நச்சுத்தன்மையால் அவதிப்பட்டார்கள். லெவோதைராக்சினில் மருந்து 95 முதல் 105 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று எஃப்.டி.ஏ. 2007-ல் இறுக்கியதும் இந்த அச்சத்தில்தான். இப்படிப்பட்ட மருந்தில் ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொள்வது நல்லது. விலைக்காக மாற்றியே ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். தைராய்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வார்ஃபரினுக்கு சில நாட்களிலேயே ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும்.

மெதுவாகக் கரையும் வகையிலும் ஜெனரிக் சறுக்கியதுண்டு. மனச்சோர்வுக்கான புப்ரோபியான் எக்ஸ்.எல். 300 மில்லிகிராம் ஜெனரிக் ஒன்றுக்கு மாறியவர்கள் மனச்சோர்வு திரும்புகிறது என்று புகார் சொன்னார்கள். அனுமதி தந்தபோது சோதித்தது 150 மில்லிகிராமைத்தான். 300-க்கும் அதுவே பொருந்தும் என்று விட்டிருந்தார்கள். பிறகு 300-ஐயே சோதித்ததில் அது தேறவில்லை, 2012-ல் விற்பனையிலிருந்து போனது. கம்பெனி மாறிய பிறகு உடம்பில் ஏதோ மாறுகிறது என்று தோன்றினால் தேதியோடு எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மனப்பிரமை என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

இதெல்லாம் அசல் மருந்துக்குள் இருக்கும் வித்தியாசம். போலி கையில் வந்துவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது. தன் முகவரியை மறைக்கும் தளங்களில் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் எழுதியது. அதனால் நான் முதலில் தேடுவது முகவரி, பேசக்கூடிய ஃபார்மசிஸ்ட், உரிம எண். அந்த எண்ணை அந்தத் தளத்தில் படித்து நம்பக் கூடாது, உங்கள் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பட்டியலில் போய்ப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உரிமம் பெற்ற தளங்களில் பச்சைக் கோடுகளும் வெள்ளைச் சிலுவையும் உள்ள ஒரு சின்னம் இருக்கும். அதைச் சொடுக்கினால் அரசுப் பட்டியலுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அது வெறும் படம். சீட்டு கேட்காமலே சீட்டு மருந்து தருகிற தளத்தை அங்கேயே மூடிவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இன்சுலின் மாதிரி குளிரில் இருக்க வேண்டியவற்றை ஆன்லைனில் வாங்க எனக்கு இஷ்டமே இல்லை. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். கூடுதல் சூடு அதன் வீரியத்தைக் குறைக்கும், உறைந்துபோனாலோ பயன்படுத்தவே கூடாது. ஐஸ் பையோடு ஒட்டி வந்த பெட்டியும் சந்தேகத்துக்குரியதுதான். கெட்டுப்போனது பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம்.

பார்சல் வந்ததும் பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும், அது இயல்பு. அதே கம்பெனி என்று போட்டு எழுத்துப்பிழை இருந்தால், பெட்டியில் ஒரு பேட்ச் நம்பரும் அட்டையில் இன்னொன்றும் இருந்தால், காலாவதி தேதியைச் சுரண்டியிருந்தால், மாத்திரை தூளாக உதிர்ந்தால், சாப்பிடாமல் ஃபார்மசிஸ்டிடம் காட்டுங்கள். மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் கொட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். புகார் கொடுக்கவும், கம்பெனி ஒரு தொகுப்பைத் திரும்பப் பெறும்போது உங்களுடையதும் அதில் உண்டா என்று பார்க்கவும் பேட்ச் நம்பர் வேண்டும். அட்டையில் அது அச்சடித்த ஓரத்து மாத்திரையைக் கடைசியாக எடுங்கள்.