தை மாதத்தில் காலிஃப்ளவர் தேடாதீர்கள்: மொரீஷியஸ் காய்கறிச் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திலிருந்து மொரீஷியஸுக்கு மருமகளாக வந்த முதல் வருடம், தைப்பூசக் காவடிக்கு வீட்டில் பத்து நாள் விரதம். தை மாதம்தானே, காலிஃப்ளவரும் பட்டாணியும் குவிந்து கிடக்கும், ஒரு குருமா வைத்து அசத்திவிடலாம் என்று காத்ர் போர்ன் சந்தைக்குப் போனேன். காலிஃப்ளவர் கைப்பிடி அளவுதான் இருந்தது. அதிலும் கறுப்புப் புள்ளி, விலையோ யானை விலை. கடைக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் நீளநீளமாக அடுக்கியிருந்த காயைத் தட்டிக் காட்டி, "பத்தோல்" என்றார். பார்த்தால் நம் புடலங்காய்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான். மாதத்தின் பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர, பருவம் தலைகீழ். இந்தத் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறது. தை இங்கே உச்சக் கோடை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில், மழை, இடையிடையே புயல். அந்த மாதங்கள் கொடிக்காய்களுக்கும் வெண்டைக்கும் உரியவை. புடலை, பீர்க்கை, சுரை, பாகல் எல்லாம் அப்போதுதான் இளசாக, மலிவாகக் கிடைக்கும். முட்டைகோஸ், காலிஃப்ளவர், கேரட் எல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குளிர்காலத்தில் தேறும். புரட்டாசி விரதத்தின்போது அவை இன்னும் நன்றாகவே இருக்கும். ஆக, காவடிக்குப் புடலங்காய்க் கூட்டு, புரட்டாசிக்குக் குருமா. புயல் அடித்துப் போன வாரத்தில் கீரையே கண்ணில் படாது. அப்போது அறையில் உருட்டி வைத்த பூசணியும் டப்பாவில் இருக்கும் பருப்பும்தான் துணை. இங்கே பூசணிக்கு ஜிரோமோன் என்று பெயர்.

அடுத்தது தண்ணீர் விஷயம். மழைக்காலத்துச் சுரைக்காயும் பீர்க்கங்காயும் தண்ணீர்க் குடங்கள். சமையல் குறிப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறதே என்று ஊற்றினால் கூட்டு ரசமாகிவிடும். காயை நறுக்கி உப்புத் தூவி, வெறும் சட்டியில் மூடிபோட்டுச் சிறு தீயில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் திறந்து பார்த்தால் காய் தன் நீரிலேயே மிதக்கும். பருப்பைத் தனியாகக் கெட்டியாக வேகவைத்துச் சேர்த்தால் போதும். அதே பீர்க்கங்காயை மழையில்லாத மாதத்தில் வாங்கினால் கால் டம்ளர் தேவைப்படலாம். அளவைக் குறிப்பில் பார்க்காமல் சட்டியில் பார்க்க வேண்டும்.

சுரைக்காயில் இன்னொன்று. நறுக்கும்போதே ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயை முழுதாகத் தூக்கி எறிந்துவிட வேண்டும். வெல்லம் போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைக்கவே கூடாது. அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பீர்க்கங்காய்க்கும் இதே விதிதான். பாகற்காயின் கசப்பு வேறு, அதற்கு இது பொருந்தாது.

சரி, கீரைக்கு வருவோம். இங்கே கீரைக்கெல்லாம் பொதுப்பெயர் 'பிரெட்'. முருங்கைக் கீரை 'பிரெட் முரூம்'. முருங்கை என்ற நம் சொல்தான், இங்கே எல்லோரும் பேசும் பிரெஞ்சு வழிவந்த கிரியோல் மொழியின் வாயில் உருண்டு முரூம் ஆகியிருக்கிறது. கொத்தமல்லி கோத்தோமிலி ஆனதும், கறிவேப்பிலை காரிபூலே ஆனதும் அதே கதைதான். தமிழ் பேசாத வீட்டிலும் இந்தச் சொற்கள் தினமும் அடுப்படியில் புழங்குகின்றன. ஆனால் கீரை சமைக்கும் முறை நம்முடையதல்ல. நாம் கடைவோம், அல்லது தேங்காய் போட்டுப் பொரியல் செய்வோம். இங்கே 'புய்யோன்', அதாவது தெளிந்த சாறு. சோற்றில் ரசம் போல ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

நான் வந்த புதிதில் சௌசௌவை மட்டும் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் கட்டாக வைத்திருந்த அதன் கொழுந்தை ஏதோ மாட்டுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அந்தக் கொழுந்துதான் இங்கே விருப்பக் கீரை, 'பிரெட் சூசூ'. மாமியார் அதை ஆய்வதைப் பார்க்க வேண்டும். தண்டை நுனியில் ஒடித்து, நாரை ஒரே இழுப்பில் கீழ்வரை உரித்து, சுருண்ட பற்றுக்கம்பியை மட்டும் கிள்ளிப் போடுவார். நாரை உரிக்காமல் போட்டால் சாறு நன்றாக இருக்கும், கீரை மட்டும் வாயில் நூலாகச் சுற்றும்.

புய்யோனுக்கு ஒரு கரண்டி எண்ணெய், வெங்காயம், தட்டிய பூண்டு, இஞ்சி. தண்ணீர் ஊற்றித் தளதளவென்று கொதித்த பிறகுதான் கீரை. மூடக் கூடாது. கீரை வேகும்போது அதிலிருந்து புளிப்பான ஆவி கிளம்பும். மூடினால் அது திரும்பச் சட்டியிலேயே விழுந்து பச்சை நிறத்தைக் கெடுத்துவிடும். தக்காளியையோ புளியையோ முதலிலேயே போட்டாலும் இதே பாசி நிறம்தான். மூன்று நான்கு நிமிடத்தில் இறக்கிவிடலாம். முருங்கைக் கீரைக்கு இன்னும் ஒரு நிமிடம் கூட.

அப்புறம் அந்த சூப் கட்டி. புய்யோனில் ருசிக்காக ஒன்றை உதிர்த்துப் போடுவது பல வீட்டுப் பழக்கம். உறையைத் திருப்பிப் படித்தால், பல கட்டிகளில் கோழி இருக்கும். விரதம் என்று சொல்லிக்கொண்டு கோழிச்சாறு குடித்த கதையாகிவிடும். இஞ்சியையும் பூண்டையும் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போட்டால் கட்டியே தேவையில்லை.

கீரைகளில் ஒன்றுக்கு மட்டும் இந்த அவசரச் சமையல் ஆகாது. சேம்பு இலை, இங்கே 'பிரெட் சோங்ஜ்'. ஒருநாள் மாமியார் வீட்டில் இல்லாதபோது நானே சமைத்தேன். மற்ற கீரை மாதிரி நாலு நிமிடத்தில் இறக்கினேன். இரண்டாவது வாயிலேயே தொண்டையில் ஆயிரம் ஊசி குத்தியது போல் அரிப்பு. என் கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் வாழைப்பழத்தைத் தேடினார். உண்மையில் அது ஊசிதான். இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் நுண்ணிய ஊசிப் படிகங்களாக இருக்கிறது. இலை கரைந்து கூழாகும் வரை, அரை மணி நேரமாவது வேகவைத்து, புளியும் விட வேண்டும். புளி விடுவது ருசிக்காக மட்டுமல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆய்ந்த கை அரித்தால் அடுத்த முறை கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

பயறு வகையில் இந்தப் புளியே எதிரியாகிவிடும். 'குரோ புவா' என்ற பெரிய வெள்ளை மொச்சை இல்லாமல் இங்கே தால் பூரிக் கடை கிடையாது. ஊறிய பயறோடு தக்காளியையும் சேர்த்து ஒரே தடவையில் கொதிக்கவிட்டால், புளிப்புப் பட்டுப் பயறு இறுகிவிடும், மணிக்கணக்கில் வேகாது. பயறு விரலில் நசுங்கிய பிறகுதான் தக்காளி. சிவப்பு ராஜ்மா என்றால் இன்னொரு எச்சரிக்கை உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். நான் அரை மணி விடுவேன். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் நச்சு வயிற்றைப் புரட்டிவிடும். சிறு சூட்டில் நாள் முழுக்க வேகும் மின்சாரப் பாத்திரத்தில் பச்சையாகப் போடுவது இன்னும் மோசம். மரவள்ளியையும் தோலும் நடு நாரும் நீக்கி, மூடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள்.

மசாலாவில் நம் ஆட்கள் செய்கிற தப்பு, கறித்தூளை நேராகக் காய்ந்த எண்ணெயில் கொட்டுவது. அரை நிமிடத்தில் கருகிக் கசந்துவிடும். இங்கே கறித்தூளைத் தண்ணீரில் குழைத்து, விழுதாக எண்ணெயில் போட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரியும் வரை வதக்குவார்கள். முன்பெல்லாம் அது அம்மியில் அரைத்த விழுது. அம்மிக்கு 'ரோஸ் காரி', அதன் மேல் உருளும் கல்லுக்கு 'பாபா' என்று பெயர். பாபா என்றால் கிரியோலில் குழந்தை. நாம் அந்தக் கல்லைக் குழவி என்கிறோம், பழந்தமிழில் குழவி என்றாலும் குழந்தைதான். யார் யாரிடமிருந்து எடுத்தார்களோ, தானாகவே தோன்றியதோ, எனக்கு அம்மியைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.

விசேஷங்களில் வாழையிலையில் போடும் 'செத் காரி', அதாவது ஏழு கறி, வீட்டில் முயன்று பார்க்கிறவர்கள் ஏழுக்கும் ஒரே மசாலாவைப் போட்டு, ஒரே கறியை ஏழு நிறத்தில் சமைத்துவிடுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். பிஞ்சுப் பலாக்காய்க்கும் வாழைக்காய்க்கும் மட்டும் முழு மசாலா போதும். பூசணிக்கு வரமிளகாயும் கடுகும், அதன் இனிப்பு தெரிய வேண்டும். சௌசௌ வெறும் இஞ்சியோடு, கீரை வெங்காயத்தோடு, பச்சடி புளிப்பாக. நெய்யும் பாலும் வேண்டாம் என்கிறவர்கள் பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் விடலாம், ஆனால் இறக்கிய பிறகு. கொதிக்கும்போது விட்டால் திரிந்துவிடும். கடைசியில் 'ராசோன்'. அது நம் ரசம்தான். இலையில் ஊற்ற வேண்டாம், ஓடிவிடும். இங்கே உள்ளங்கையைக் குவித்து நீட்டினால் அதிலேயே ஊற்றுவார்கள்.